ஐசியை வாங்கி வைப்பதா, படம் எடுப்பதா, காசு பிடிப்பதா?

கடல் அடங்கிச் சீசன் தொடங்கினால் திருகோணமலையில், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் எதையாவது வாடகைக்கு விடுபவர்களுக்கெல்லாம் ஒரே தலையிடி. வருகிற ஆளை எப்படி நம்புவது? இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். அலஸ் தோட்டத்தில் நாலு ஸ்கூட்டி வைத்திருக்கும் என் மச்சான், ஓர்ஸ்ஹில்லில் வீட்டோடு சேர்ந்த அனெக்ஸை வாடகைக்கு விடப்போகும் ஓர் அக்கா, டவுனில் கடைக்கு ஆள் தேடும் ஒருவர்.

மச்சான் கேட்டது களவு போன பிறகு. போன ஆவணியில் ஒருவர் வந்து இரண்டு நாளுக்கு ஸ்கூட்டி கேட்டிருக்கிறார். ஐசியை, அதாவது தேசிய அடையாள அட்டையை, நீட்டியதும் இவன் அதை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டான். மூன்றாம் நாளும் ஆளைக் காணவில்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டபோதுதான் தெரிந்தது, ஐசி நூறு வீதம் உண்மையானது, ஆனால் அதன் சொந்தக்காரர் தம்பலகாமத்தில் வயல் செய்யும் ஒருவர். அவர் பஸ்ஸில் பேர்ஸைத் தொலைத்து ஆறு மாதமாகிறது. பாவம், அரை நாள் பொலிஸ் வாங்கில் உட்கார்ந்திருந்தது அந்த மனிதர்தான். ஸ்கூட்டி பதினொரு நாள் கழித்து ஹபரணைப் பக்கம் பற்றரியும் கண்ணாடியும் இல்லாமல் கிடைத்தது.

எங்கள் ஊரில் ஐசி என்ற சொல்லுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும், எல்லாரும் இறங்கி, ஐசியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, மறுபக்கம் ஏறுவோம். அந்தப் பழக்கத்தில், ஐசியைக் காட்டினால் காரியம் முடிந்தது என்றே மனதில் பதிந்துவிட்டது. காட்டுகிறவருக்கும் அப்படித்தான், பார்க்கிறவருக்கும் அப்படித்தான். ஆனால் அட்டையைக் காட்டுவது ஒன்று, அதைச் சரிபார்ப்பது வேறொன்று. மச்சான் செய்தது முதலாவது மட்டும்.

எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியை எடுத்தாலும் அதனிடம் நாலு கேள்வி கேட்கலாம்.

அட்டை உண்மையானதா? அட்டையில் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒரே ஆளா? பொருள் திரும்பி வராவிட்டால் ஆளையோ நட்டத்தையோ மீட்க வழி இருக்கிறதா? கடைசியாக, நான் வாங்கி வைத்ததைக் காக்க எனக்கு என்ன செலவு?

பெரும்பாலும் நாங்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். களவு நடப்பதோ இரண்டாவதில். நாலாவது இருப்பதே பலருக்குத் தெரியாது.

வழி 1: அசலை வாங்கி வைத்தல்

ஊரில் அதிகம் நடப்பது இதுதான். ஐசியோ கடவுச்சீட்டோ என் லாச்சிக்குள் இருந்தால் ஆள் எங்கே போகப்போகிறான் என்ற கணக்கு. அட்டை அவனுடையதாக இருந்தால் கணக்குச் சரி. கண்டெடுத்த அட்டை என்றால் அதை விட்டுப்போவதில் அவனுக்கு என்ன நட்டம்? ஆக, நேர்மையானவரை மட்டும் கட்டிப்போடும் கயிறு இது.

மறைந்த செலவு மூன்று. வாடிக்கையாளர் ஐசி இல்லாமல் வீதியில் போகிறார். மறித்துக் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. கடவுச்சீட்டு என்றால் இன்னும் சிக்கல், ஏனென்றால் அது கொண்டு திரிபவரின் சொத்தே அல்ல. பிரித்தானியக் கடவுச்சீட்டில் அது அந்நாட்டு அரசின் சொத்து என்று அச்சிட்டே இருக்கும். விவரம் தெரிந்த பயணி அதைப் பிணையாகத் தரமாட்டார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். மூன்றாவது, அது உங்களிடம் தொலைந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

இது சின்ன விஷயமில்லை. 2014 மார்ச்சில் காணாமல் போன எம்எச் 370 விமானத்தில் இரண்டு பேர் களவு போன கடவுச்சீட்டில் ஏறியிருந்தார்கள். ஒன்று ஆஸ்திரியாவினுடையது, மற்றது இத்தாலியினுடையது. இரண்டும் தாய்லாந்தில் தொலைந்தவை. இத்தாலியர் தன்னுடையதை புக்கெட்டில் மோட்டார் சைக்கிள் வாடகைக் கடையில் பிணையாகக் கொடுத்து வைத்திருந்தார், அங்கிருந்துதான் அது கைமாறியது என்று அப்போது செய்திகள் வந்தன. இரண்டு கடவுச்சீட்டுகளும் இன்டர்போலின் பட்டியலில் முன்பே ஏறியிருந்தன, ஆனால் விமானத்தில் ஏறுமுன் யாரும் அதில் தேடிப் பார்க்கவில்லை. அந்த இருவருக்கும் விமானம் காணாமல் போனதற்கும் தொடர்பு எதுவும் தெரியவரவில்லை, அது வேறு. ஒரு வாடகைக் கடையின் லாச்சியிலிருந்து ஒரு கடவுச்சீட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொன்னேன்.

இது நல்ல தெரிவாக இருக்கும் சந்தர்ப்பம் ஏதாவது உண்டா? என்னைக் கேட்டால், அரை மணி நேரத்துக்கு, கண் பார்வையில், கடற்கரையிலேயே திரும்பித் தரும் பொருளுக்கு வேண்டுமானால். அதற்கு ஐசி எதற்கு, ஆயிரம் ரூபா போதுமே.

வழி 2: போட்டோ கொப்பி, போன் படம்

அசலைவிட மரியாதையானது. வாடிக்கையாளர் முகம் சுளிக்க மாட்டார். முறைப்பாடு போடும்போது இலக்கமும் முகவரியும் கையில் இருக்கும். ஆனால் படம் எடுப்பதால் அட்டை உண்மையாகிவிடாது. போலி அட்டையின் தெளிவான படம் உங்களிடம் இருக்கும், அவ்வளவுதான்.

வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஏற்பது அதைவிட மோசம். அசலைத் தொட்டுப் பார்க்காமல், விளிம்பை விரலால் தடவாமல், வெளிச்சத்தில் சாய்க்காமல் எதையும் சொல்ல முடியாது. போனிலேயே பெயரையும் படத்தையும் மாற்றிவிடும் காலம் இது.

மறைந்த செலவு பிறகு வரும். ஒரு சீசனில் இருநூறு பேர் வந்தால் இருநூறு ஐசிப் படங்கள் உங்கள் போனில். அந்தப் போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்கள், மகன் அதில் கேம் விளையாடுகிறான், ஒருநாள் கடலில் விழுகிறது அல்லது களவு போகிறது. அடுத்தவர் பெயரில் கணக்குத் திறக்கவோ கடன் கேட்கவோ நினைப்பவனுக்கு அந்தப் போன் ஒரு புதையல். களவைத் தடுக்க எடுத்த படமே களவுக்குச் சரக்காகிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான். என்ன நோக்கத்துக்காக வாங்கினீர்களோ அதற்கு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும்.

கொப்பி எடுத்தே ஆகவேண்டும் என்றால் அதன் குறுக்கே, முகத்தை மறைக்காமல், 'ஸ்கூட்டி வாடகைக்கு மட்டும்' என்று தேதியோடு பேனையால் எழுதிவிடுங்கள். அப்படி எழுதிய தாளை இன்னொரு இடத்தில் நீட்டுவது கஷ்டம். வண்டி திரும்பி வந்த அன்றே அவர் கண்ணெதிரில் கிழித்துப் போடுங்கள். நான் என் விடுதியில் அப்படித்தான் செய்கிறேன். ஒரு வாடிக்கையாளர் அடுத்த வருடமும் என்னிடமே வந்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னார்.

வழி 3: உட்கார்ந்து ஒத்துப்பார்த்தல்

எனக்குப் பிடித்த வழி இது. காசு செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். செய்பவர்தான் குறைவு.

இலக்கத்தில் இருந்து தொடங்கலாம். இப்போதைய ஐசியில் 12 இலக்கம். முதல் நாலு பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாம் நாளில் பிறந்தார் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். அப்புறம் நாலு இலக்கம் வரிசை எண், கடைசி இலக்கம் சோதனைக்கு.

உதாரணமாக 1991574 என்று தொடங்கினால், 1991இல் பிறந்த பெண். 574இல் 500 போக 74. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. லீப் வருடமோ இல்லையோ, பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ண வேண்டும். ஜனவரி 31, பெப்ரவரி 29, இரண்டும் 60. மிச்சம் 14. ஆக மார்ச் 14. அட்டையில் அச்சிட்டிருக்கும் பிறந்த தேதியும் அதுவாக இருக்க வேண்டும். இதை அறியாமல் சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 15 என்று வரும். ஒரு நாள் வித்தியாசத்தை வைத்து யாரையும் கள்ளனாக்கிவிடாதீர்கள். ஆனால் ஓர் ஆண் நீட்டும் ஐசியில் நாள் எண் 500க்கு மேல் இருந்தால் திறப்பைக் கொடுக்க வேண்டாம்.

பழைய ஐசியில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான். 12 இலக்க முறை 2016இல் வந்தது. பழைய இலக்கத்துக்கு முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு 0 செருகி, எழுத்தை விட்டுவிட்டால் அதே ஆளின் புதிய இலக்கம். இது தெரியாததால் என் பதிவுக் கொப்பியில் ஒரே ஆள் இரண்டு பேராக இருந்தார், ஒருமுறை கடன் வைத்தவராக, மறுமுறை புது ஆளாக.

இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவன் கணக்குக்குப் பொருந்தும் இலக்கத்தைத் தானே எழுதிக்கொள்ளவும் முடியும். அதனால் இது சோம்பேறிப் போலியை மட்டும் பிடிக்கும். அடுத்த படிதான் முக்கியம், ஆளைப் பார்ப்பது. பழைய லமினேட் ஐசிகளில் இருப்பது பள்ளிக்கூட வயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் நானே என் தம்பி போல இருப்பேன். தலைமயிர், தாடி, கன்னச் சதை எல்லாம் மாறும். காதின் வடிவமும் கண்களுக்கு இடையிலான தூரமும் அவ்வளவாக மாறாது, அவற்றைப் பாருங்கள். அட்டையை உங்கள் கையில் வைத்துக்கொண்டே, "ஐயா எந்த ஊர்? முகவரி சொல்லுங்கோ, எழுதிக்கொள்கிறேன்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். தன்னுடைய அட்டை என்றால் யோசிக்காமல் வரும். கண்டெடுத்த அட்டை என்றால் கண் உங்கள் கைக்கு ஓடும். ஒப்பந்தத்தில் கையெழுத்தை அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் வாங்குங்கள். தொலைபேசி இலக்கத்தை எழுதியதும், அவர் எதிரில் நிற்கும்போதே ஒரு மணி அடித்துப் பாருங்கள். அவர் சட்டைப்பைக்குள் அடிக்க வேண்டும். மச்சான் இந்தக் கடைசி ஒன்றை மட்டும் செய்திருந்தால்கூடப் போதும் என்பான். எனக்கு அது சந்தேகம்தான்.

வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டின் கீழே 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் பிறந்த தேதி ஆறு இலக்கமாகவும், அதை ஒட்டி ஒரு சோதனை இலக்கமும் வரும். ஆறு இலக்கங்களையும் முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் அந்தச் சோதனை இலக்கமாக இருக்க வேண்டும். அதே 1991 மார்ச் 14ஐ எடுத்தால் 910314: 63, 3, 0, 21, 3, 4. மொத்தம் 94, சோதனை இலக்கம் 4. தேதியை மட்டும் மாற்றியவன் இதில் மாட்டுவான். கடவுச்சீட்டின் மேலட்டையில் பொன்னிறச் செவ்வகத்துக்குள் வட்டம் போட்ட சின்னம் இருந்தால் உள்ளே மின்னணுச் சில்லு (சிப்) இருக்கிறது. கிட்ட வைத்தாலே சில்லைப் படிக்கும் என்எஃப்சி வசதி உள்ள போனில் இலவசச் செயலி ஒன்றால் அதைப் படிக்கலாம். சில்லுக்குள் இருக்கும் படம் அச்சிட்ட படத்தோடு ஒத்துப்போக வேண்டும். சில்லில் உள்ள தரவு அந்நாட்டு அரசின் மின்கையொப்பம் போட்டது, போனில் மாற்ற முடியாது.

இந்த வழியின் மறைந்த செலவு, எங்கள் கூச்சம். "என்ன அண்ணை, என்னை நம்பேல்லையோ?" என்று ஒருவர் கேட்டால் நாங்கள் குழைந்துவிடுவோம். எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்பது என்று முடிவெடுத்து, அதைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

வழி 4: செயலி வழிச் சரிபார்ப்பு

அட்டையைப் படம் எடுத்து, முகத்தைத் திருப்பச் சொல்லி ஒரு செல்ஃபி எடுத்து, இரண்டையும் ஒப்பிடும் சேவைகள் இருக்கின்றன. வங்கிகள் இணையத்தில் கணக்குத் திறக்கும்போது செய்வது இதுதான். இரண்டாவது கேள்விக்கு என் கண்ணைவிட இது நன்றாகப் பதில் சொல்லும்.

நாலு ஸ்கூட்டிக்காரருக்கு இது சுமை. ஒவ்வொரு சோதனைக்கும் கட்டணம், அதுவும் பெரும்பாலும் டொலரில். வாடிக்கையாளரின் முகம் எங்கோ ஒரு நாட்டுக் கணினியில் போய்த் தங்கும். தவறும் நேரும்: அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல முக ஒப்பீட்டு மென்பொருள்களின் பிழை அளவு இனம், பால், வயது ஆகியவற்றைப் பொறுத்து மாறுவது தெரிந்தது. தவறாக 'இல்லை' என்று வந்தால் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். இருபது முப்பது அறை, ஆளைப் பார்க்காமலே இணையத்தில் முற்பதிவு என்று நடத்துபவர்களுக்கு இது ஏற்றது.

வழி 5: காசு பிடித்தல்

இது ஆள் யார் என்றே கேட்காது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், அதை நன்றாகச் சொல்லும். குறை என்னவென்றால் ஸ்கூட்டியின் பெறுமதிக்கு முற்பணம் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். குறைத்துக் கேட்டால் கள்ளனுக்கு அது வண்டியின் விலைதான், அதுவும் மலிவு விலை. வங்கிக்குப் போட்டேன் என்று காட்டும் ஸ்கிரீன்ஷொட்டையும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து மிச்சத்தைப் பார்த்த பிறகு திறப்பைக் கொடுங்கள். இன்னொன்று, முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறல் பற்றிச் சண்டை வரும். கொடுக்கும்போதே வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிட்டால் அந்தச் சண்டை இல்லை.

வழி 6: தெரிந்தவர் பொறுப்பு

"கிண்ணியாவில் யாரைத் தெரியும்?" "மூதூரில் எந்தப் பக்கம்?" இரண்டு கேள்வியில் ஒரு ஆளின் வேரைப் பிடித்துவிடலாம் என்பது எங்கள் ஊர்க் கெட்டித்தனம். நீண்ட கால விஷயங்களுக்கு இதன் அரச வடிவமும் உண்டு, கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று. எடுக்க நாளாகும், ஆனால் முகவரியில் அந்த ஆள் உண்மையில் இருக்கிறாரா என்று சொல்வது இவைதான்.

இதன் மறைந்த செலவைப் பேச யாருக்கும் விருப்பமில்லை. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று பேரும் கலந்து வாழும் ஊர் இது. 'தெரிந்தவர்' என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் எங்கள் ஆட்களைத்தான். வேறு மொழி பேசுபவரிடம் இரண்டு தடவை ஐசி கேட்டுவிட்டு, எங்கள் ஆளை "பரவாயில்லை தம்பி" என்று விட்டுவிடுகிறோம். மச்சானின் ஸ்கூட்டியைக் கொண்டுபோனவன் நல்ல திருகோணமலைத் தமிழ் பேசினானாம். அவன் அட்டையை மச்சான் உற்றுப் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே பார்வையில்

| வழி | அட்டை உண்மையா | அதே ஆளா | மீட்க முடியுமா | உங்கள் சுமை |
|---|---|---|---|---|
| அசலை வைத்தல் | பார்த்தால்தான் தெரியும் | இல்லை | நேர்மையானவரிடம் மட்டும் | அதிகம் |
| கொப்பி, படம் | இல்லை | இல்லை | ஓரளவு | அதிகம், நாளாக நாளாகக் கூடும் |
| ஒத்துப்பார்த்தல் | ஓரளவு. சில்லு இருந்தால் நன்று | நன்று | ஓரளவு | நேரம் மட்டும் |
| செயலி | நன்று | மிக நன்று | ஓரளவு | காசு, தரவுப் பொறுப்பு |
| காசு | கேட்காது | கேட்காது | தொகை வரைக்கும் | குறைவு |
| தெரிந்தவர் பொறுப்பு | கேட்காது | நன்று | நன்று | உறவு கெடும் ஆபத்து |

அந்த மூன்று பேருக்கும் சொன்னது

மச்சானுக்கு: ஒத்துப்பார்த்தலும் காசும் சேர்ந்து. சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐசி ஒன்று, லைசன்ஸ் ஒன்று என்று இரண்டு அட்டை கேட்டால், கண்டெடுத்த ஒற்றை அட்டையோடு வருபவன் அங்கேயே நின்றுவிடுவான். லைசன்ஸில் ஐசி இலக்கமும் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேர்ஸ் முழுவதையும் கண்டெடுத்தவன் இதிலும் தப்புவான், அதற்குத்தான் முகமும் முகவரியும் மணி அடிப்பதும். வண்டிக்குள் ஜிபிஎஸ் கருவி ஒன்றை ஒளித்து வை, வைத்திருப்பதை ஒப்பந்தத்தில் எழுது என்றும் சொன்னேன். புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் நீச்சல் கண்ணாடிக்கும் மூச்சுக் குழாய்க்கும் ஐசி கேட்பதை அவன் நிறுத்திவிட்டான்.

அக்காவுக்கு: அனெக்ஸ் என்பது வருடக் கணக்கு, அவசரம் இல்லை. கிராம சேவகர் சான்றிதழ், எழுத்து ஒப்பந்தம், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரோடு ஒரு தொலைபேசிப் பேச்சு. இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் ஆளை அனுப்பிவிட நல்லதாகவே சொல்வார். அதற்கு முந்தியவரைப் பிடியுங்கள்.

கடைக்காரருக்குப் பொலிஸ் நற்சான்று. அது வரும் வரைக்கும் ஆளை வேலைக்கு எடுக்கலாம், காசுப்பெட்டித் திறப்பைக் கொடுக்கக் கூடாது. அவர் அதற்குச் சரி என்றார், பிறகு சொந்த அக்காவின் மகனையே எடுத்துவிட்டார். அந்தக் கதை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

மச்சானின் லாச்சியைப் போன கிழமை காலி செய்தோம். பழைய பற்றுச்சீட்டுகளுக்கு அடியில், திரும்பி வந்து கேட்காதவர்களின் ஐசி மூன்று கிடந்தது. ஒன்றின் சொந்தக்காரர் நிலாவெளியில் இருந்தார், கொண்டுபோய்க் கொடுத்தோம். தன் ஐசி தொலைந்துவிட்டது என்று சொல்லி அவர் புதிது எடுத்து ஒரு வருடமாம். மற்ற இரண்டையும் பொலிஸில் ஒப்படைத்து, எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.